அணைச்சாச்சு என்று நீ சொன்னது

யூசுப்,

இதை நீ பட்டறையில் வைத்துப் படிப்பாயோ, மொட்டை மாடிக்குப் போய்ப் படிப்பாயோ எனக்குத் தெரியாது. எங்கே படித்தாலும் போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் படி. உன்னிடம் நேரில் பேசத்தான் பார்த்தேன். நிக்காஹ்வுக்கு வந்திருக்கிற கடலூர்ச் சொந்தமெல்லாம் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பேச்சை எங்கே வைத்துப் பேசுவது? சமையல்கட்டில் ஒரு தரம் ஆரம்பித்தேன். ஏழுமலை அண்ணன் பெயரை எடுத்ததுமே பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டாய். உன்னை நிறுத்தி, உட்கார வைத்து, காது கொடுக்கச் சொல்கிற தெம்பு எனக்கு இப்போது இல்லை. கோபமும் இல்லை. கோபப்படுவதற்கு உடம்பில் எங்காவது கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். எனக்கு அலுப்புதான் இருக்கிறது.

முந்தாநாள் நான் வீராம்பட்டினம் போய் வந்தேன், ஏழுமலை அண்ணன் வீட்டுக்கு. பூவுக்குச் சொல்லிவிட்டு வரப் பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று உன் மாமியிடம் சொன்னேன். பூவுக்கும் சொன்னேன், பிறகு பஸ் ஏறிவிட்டேன். அங்கே நான் சொன்னதையும் அவர் கேட்டதையும் நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்வதுதான் முறை. வேறு யார் மூலமாவது வந்தால், அம்மா எனக்குத் தெரியாமல் போய் என்னவோ செய்துவிட்டாள் என்று உன் மனதில் தங்கிவிடும். ஒரு புதுக் குடும்பத்தைத் தொடங்கப் போகிற நேரத்தில் உனக்கு அந்தக் கசப்பு வேண்டாம்.

உனக்கு நினைவு தெரிவதற்கு முன்னாலேயே நான் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தவள். நம் பட்டறை அப்போதும் மேட்டுப்பாளையத்தில்தான், கம்பெனிகளெல்லாம் முடிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. உன் அத்தாவும் ஏழுமலை அண்ணனும் கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று செய்துகொண்டிருந்தார்கள். ஏழுமலை அண்ணனுடையது கடலுக்குப் போகிற குடும்பம். படகில் ஏறினால் அவருக்கு மட்டும் குமட்டிக்கொண்டு வரும், அதனால் இரும்புக்கு வந்துவிட்டேன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். வேலை பாதிக்கு மேல் கட்டிடங்களில்தான் நடக்கும். வெல்டிங் மிஷின் கனமான சாமான், அது கீழேயே இருக்கும். ஒயரை இழுத்துக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் மாடிக்குப் போய்விடுவார்கள். ஓர் இடத்தைப் பற்றவைத்து முடித்ததும் மிஷினை அணைத்துவிட வேண்டும் என்பது உன் அத்தாவின் கண்டிப்பு. அடுத்த கம்பியை அளந்து, வெட்டி, நிறுத்திப் பிடிக்கிற வரைக்கும் அது ஓடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு தரமும் மாடியிலிருந்து இறங்கி வர முடியுமா? கீழே ஒரு ஆள் வேண்டும். கூலிக்கு வந்தவர்கள் எல்லாம் சுவிட்சைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். கடைசியில் நான் போனேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கவிழ்த்த பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்ப்பதைப் பார்க்காத மாதிரி இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று ஆரம்பத்தில் நான் சலித்துக்கொண்டதுண்டு. சும்மா உறுமிக்கொண்டிருக்கிற மிஷின் யாரை என்ன செய்யப் போகிறது? அதற்கு உன் அத்தா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "பத்த வைக்கும்போது பயமில்ல. அப்ப எல்லாரும் ஜாக்கிரதையாத்தான் இருப்போம். வேலை முடிஞ்சிதுன்னு ஹோல்டரைக் கையில வச்சிக்கிட்டுப் பேசிக்கிட்டு இருப்போம் பாரு, அப்பதான் அது ஆளைப் பிடிக்கும்" என்றார். மிஷின் ஓடுகிற வரைக்கும், ராடு செருகுகிற அந்த ஹோல்டரில் கரண்ட் இருக்கும். நெருப்பும் தெரியாது, வெளிச்சமும் தெரியாது. வேர்வையில் நனைந்த சட்டையோடு, மழை ஈரத்தோடு இரும்பையும் தொட்டு அதையும் தொட்டால் முடிந்தது. மேலேயிருந்து 'போடு' என்பார், நான் போட்டுவிட்டு 'போட்டாச்சு' என்பேன். 'அணை' என்பார், அணைத்துவிட்டு 'அணைச்சாச்சு' என்பேன். கை சுவிட்சை விட்டு வந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார். நான் ஒரு தரம்கூட மாற்றிச் சொன்னதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மேலே நிற்கிறவர் என் வீட்டுக்காரர். எனக்கு வேறு வழியில்லை.

அவர் நெஞ்சுவலியில் போனபோது நீ ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்தாய். நான் நாலு மாசம் பத்து நாள் வெளியே வராமல் இத்தாவில் உள்ளே இருந்தேன். பட்டறைக் கதவை ஏழுமலை அண்ணன்தான் திறந்தார். பாதியில் நின்ற வேலைகளை முடித்துக்கொடுத்தார். வேறு பட்டறைக்காரர்கள் கூப்பிட்டபோது போகவில்லை. நீ படித்து முடித்து வந்த அன்றைக்குச் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு, "இனிமே தம்பிதான் முதலாளி, நான் சொன்ன வேலையைச் செய்றவன்" என்று சொன்னதோடு சரி. அதற்கப்புறம் அவர் உன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

உன்னைக் குறை சொல்லவே உட்கார்ந்தேன் என்று நினைக்காதே. உன் அத்தா காலத்தில் இருந்ததைவிட வேலை இன்று அதிகம். நீ அலைந்து பிடித்த வேலைகள். என் முழங்கால் மடங்காமல் போனதும் என்னை மிஷின் பக்கத்திலிருந்து எழுப்பி, நின்றபடி செய்கிற மாதிரி கிரில்லுக்கு ரெட் ஆக்சைடு பூசுகிற வேலையை நீதான் கொடுத்தாய். ஆனால் அந்தச் சுவிட்சு விஷயத்தில் மட்டும் உனக்குப் பொறுமை இல்லை. தொட்டதுக்கெல்லாம் போட்டு அணைத்துக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடியும், ஊரில் எவன் இப்படிச் செய்கிறான் என்பாய். ஏழுமலை அண்ணன் பதில் பேச மாட்டார். மேலே போனதும் வழக்கம்போல 'அணை' என்று குரல் கொடுப்பார். நீயும் முனகிக்கொண்டே போய் அணைப்பாய். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

தவளக்குப்பத்தில் அந்தச் சொல்தா வீட்டு வேலை நடந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். பிரான்ஸ் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர், வீடு குடிபுக நாள் குறித்துவிட்டு நம்மை விரட்டிக்கொண்டிருந்தார். மாடிப்படியின் மேல் கைப்பிடி மட்டும் பாக்கி. காலையிலிருந்து விட்டு விட்டுத் தூறல். பக்கத்து மனையில் கலவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஏழுமலை அண்ணன் மேலே, படிக்குக் குறுக்கே போட்ட பலகையில் நின்று பற்றவைத்துக்கொண்டிருந்தார். நீ கீழே மிஷினுக்கு அருகில், கல்யாண மண்டபத்துக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். நான் சுவருக்கு வெளிப்பக்கம் ஜன்னல் கிரில்லுக்குப் பூசிக்கொண்டிருந்தேன். உனக்கும் எனக்கும் நடுவில் கண்ணாடி போடாத ஜன்னல்தான் இருந்தது. மேலேயிருந்து "அணைச்சிடு தம்பி" என்று அவர் குரல் வந்தது. நீ போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி, "அணைச்சாச்சு மாமா" என்றாய். பிறகு சாப்பாட்டுப் பந்திக்கு எத்தனை மேஜை வரும் என்று விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாய்.

உன் கை அசையவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதை நான் பார்க்கவில்லை. மேலே இருந்து ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான் தெரியும். அலறல் என்று சொல்ல முடியாது. தொண்டை அடைத்துக்கொண்டவர் விடுகிற மாதிரி ஒரு சத்தம். ஹோல்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தாண்டி இறங்குவதற்காக இரண்டு கையாலும் ஈரக் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். பிடித்தவரை அது விடவில்லை. நீ போனைக் கீழே போட்டுவிட்டுப் படியில் ஏறி ஓடினாய். என் முழங்கால் அன்றைக்கு எப்படி மடங்கியதோ, வாசலைச் சுற்றி உள்ளே வந்தேன். மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. நான்தான் அணைத்தேன். நான் அணைத்ததும் அவர் விடுபட்டுக் கீழே விழுந்தார். அவர் விழுந்த சத்தமும் என் கை சுவிட்சில் இருந்ததும் எனக்கு ஒன்றாகவே நினைவிருக்கிறது. அதனால்தான் எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை, யூசுப். நீ மாத்திரை வாங்கிக் கொடுத்தாயே, அது அதற்கான மாத்திரை இல்லை.

அதற்குப் பிறகு நீ செய்ததையெல்லாம் நான் பார்த்தேன். அவரைத் தூக்கி ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனாய். ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கிடந்தாய். தோள்பட்டை எலும்புக்கும் காலுக்கும் கட்டுப் போட்ட பிறகுதான் ஒரு வாய் டீ குடித்தாய். செலவு எதையும் அவர்கள் வீட்டுக்கு விடவில்லை. அவர் சம்சாரம் கலா அண்ணி உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சொல்தாவும் அங்கே வந்திருந்தார். என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு, "மாமா கொரல் குடுக்கல. முடிஞ்சிதுன்னு நெனச்சி அவரே ஹோல்டரை எடுத்துட்டாரு போலருக்கு" என்றாய்.

நான் உன் பின்னால் உட்கார்ந்திருந்தேன். உன் சட்டையெல்லாம் அவர் மேலிருந்த சிமென்ட். என் பிள்ளை பயந்து போயிருக்கிறான், நாளைக்குத் தானே சொல்வான் என்று நினைத்தேன். மறுநாளும் நினைத்தேன். அப்புறம் உன் கல்யாண வேலை நெருக்கியது. பத்திரிகை, ஜவுளி, பந்தி என்று நாள் ஓடியது. நீ புதிதாகக் கைக்கடக்கமான மிஷின் ஒன்று வாங்கினாய், மாடிக்கே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. நல்லதுதான். அதைக் காட்டி, "இனிமே கீழ ஆளே தேவையில்லம்மா" என்றாய். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கும் நான் கேட்கவில்லை.

முந்தாநாள் நான் போனது பத்திரிகை வைக்க. நீ போனில் அனுப்பிவிட்டதாகச் சொன்னாய். அவருக்குப் போனில் அனுப்புகிற உறவா அது? நான் போனபோது அவர் வாசல் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கலா அண்ணி பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், இந்தப் பக்கமா வந்து உட்காரும்மா, எனக்கு வலது காது சரியில்ல என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். கலா அண்ணி கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்: ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இதே பேச்சுதானாம். அவளைத் தோட்டத்துக் கோடியில் நிற்க வைத்து ஏதாவது சொல்லச் சொல்லுவாராம். சொன்னதைத் திருப்பிச் சொல்லி, சரியா சரியா என்று கேட்பாராம். எல்லாம் சரியாகத்தான் சொல்கிறாராம். ஆனாலும் நம்பிக்கை இல்லையாம். கட்டுப் பிரித்ததும் வெல்டிங்கை விட்டுவிட்டு ஐஸ் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறாராம்.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஒன்னு கேக்கணும்மா. நான் அன்னிக்கி கொரல் குடுத்தேன்னு எனக்கு ஞாபகம். தம்பி அணைச்சாச்சுன்னு சொன்னது காதுல விழுந்துது. தம்பி பொய் சொல்லாது. அப்ப நான் கேட்டது என்னா? சொல்லாததெல்லாம் கேக்குதுன்னா இந்தக் காதை வச்சிக்கிட்டு நான் எப்பிடி மேல ஏர்றது?"

இதைப் படிக்கும்போது நீ எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ கெட்டவன் இல்லை. அவர் உன்மேல் சந்தேகப்பட்டிருந்தால்கூட உனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் சந்தேகப்பட்டது தன் காதை. தம்பி பொய் சொல்லாது என்கிற ஒன்றை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் தன்னைக் காப்பாற்றிய காதையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். நான் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டேன். "ஒங்க காது நல்லா இருக்குதுண்ணே" என்றேன். "நீங்க கொரல் குடுத்தீங்க. அவன் அணைச்சாச்சுன்னு சொன்னான். நான் செவுத்துக்கு அந்தாண்டதான் இருந்தேன். நான் கேட்டேன்."

அவர், அணைச்சாச்சு மாமான்னா சொன்னான் என்று கேட்டார். ஆமாம், மாமா என்றுதான் சொன்னான் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அது நிம்மதியா, அடியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். கலா அண்ணிதான் பேசினாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் போடாமல் கேட்டாள்: "இத்தினி நாளா இந்த மனுஷன் தன்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தாரு. நீங்க எங்கம்மா இருந்தீங்க?" என் பிள்ளையின் கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லவா? அவள் என்னைப் போ என்று சொல்லவில்லை. டீ போட உள்ளே போனாள். போட்டுக்கொண்டு வந்தாள், ஆனால் கையில் தராமல் கட்டில் ஓரத்தில் வைத்தாள். நான் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். குடிக்காமல் வருவது இன்னும் பெரிய தப்பாகத் தோன்றியது.

கால் சரியானதும் அவர் வேலைக்குப் போவார். வெல்டிங் வேலைக்குத்தான், இனி வாட்ச்மேன் பேச்சு இல்லை. அரியாங்குப்பத்தில் தெரிந்த ஒருவர் பட்டறை வைத்திருக்கிறாராம், அங்கே. நம் பட்டறைக்கு வரவில்லை. அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழைக்குக் குடை எடுத்துப் போகிறேன் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். நீ அவரைத் திரும்பக் கூட்டி வரப் பார்க்காதே. அது உன் கையில் இல்லை. சொல்தாவிடம் நீ சொன்னதை நீயே போய் மாற்றிச் சொல். ஏழுமலை அஜாக்கிரதை என்கிற பேச்சு சொல்தா மூலமாகத்தான் தவளக்குப்பம் முழுக்கப் பரவியிருக்கிறது. அரியாங்குப்பத்துப் பட்டறைக்காரர் காதுக்கு அது போகும் முன்னால் சொல். இது நான் கேட்கிற ஒன்று. மற்றதை நான் சொல்லித் தர முடியாது.

இது கல்யாணச் சமயத்தில் எழுதுகிற கடிதமாக இல்லை, எனக்கே தெரிகிறது. உனக்கு மனைவியாக வரப் போகிற சபீனாவைப் பற்றி ஏதாவது எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். நல்ல பெண். அவளிடம் நகை கேட்காதே, அவள் சம்பளத்தைக் கேட்காதே என்றெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் உள்ளேயிருந்து கேஸை அணைத்தீர்களா என்று கேட்பாள், கதவைப் பூட்டினீர்களா என்று கேட்பாள், மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள். போனைப் பார்த்தபடி ஆச்சு என்று சொல்லாதே. எழுந்து போய்ப் பார்த்துவிட்டுச் சொல். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல். அவள் திட்டுவாள். திட்டட்டும். உன் அத்தாவும் நானும் நிறையச் சண்டை போட்டவர்கள்தான். ஆனால் அவர் கேட்டதற்கு நான் சொன்ன பதிலின் மேல் அவர் ஏறி நின்றார், நான் கேட்டதற்கு அவர் சொன்னதன் மேல் நான் நின்றேன். குடும்பம் நடத்துவதில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பத்திரிகையை நான் அங்கே வைக்கவில்லை. மடியிலேயே வைத்துத் திரும்பக் கொண்டு வந்துவிட்டேன். உன் பீரோவில், நிக்காஹ் சட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் வருவார்களா மாட்டார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கு இல்லை.

நான் எழுந்து செருப்பைப் போடும்போது ஏழுமலை அண்ணன் கூப்பிட்டார். கிளம்புகிறவளை நிறுத்திவிட்டோமே என்பது போலக் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "தம்பி வருமாம்மா?" என்று கேட்டார். வருவான் அண்ணே என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னால் நம்புவார். அதனாலேயே என்னால் சொல்ல முடியவில்லை. "எனக்குத் தெரியலண்ணே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அம்மா